பெயர் போடாமல் கேட்ட கேள்வி

வேலம்பாளையம்,
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நான் கடைசியாக எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து லீவு லெட்டர்தான். அதனால் இதை எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை. உன் நம்பரில் மணியே அடிப்பதில்லை. சோமனூர் வீட்டு நம்பருக்கு அழைத்தேன். உன் மாமியார் எடுத்தார். "மோனிஷா இப்பப் போனெல்லாம் தொடறதில்லீங்க. எதுன்னாலும் காயிதத்துல எழுதச் சொல்லுச்சுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். என்னைப் போய் 'ங்க' போட்டுப் பேசுகிறார், அக்கா! பார்க்கும்போதெல்லாம் "வா கண்ணு" என்று இழுத்து உட்கார வைக்கிற பெரியாத்தாள் அத்தை. போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சரி, எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். சத்தியமாக நான் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஜனவரியில் நீ என் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாயே, அன்றைக்கு என்ன கேட்டாய்? "அவரு சரின்னுதான் சொன்னாரு கீது. கையெழுத்தும் போட்டாரு. ஆனா அன்னைலிருந்து எம்மொகத்தப் பாத்து ஒரு வார்த்த பேசறதில்ல. நாளைக்குக் கொழந்த பொறந்தா கையில எடுப்பாரா?" என்று கேட்டாய். யுவன் மாமாவால் குழந்தை கொடுக்க முடியாது என்பதும், முகம் தெரியாத யாரோ ஒருவர் கொடுத்ததை வைத்துத்தான் ஆஸ்பத்திரியில் உனக்கு இந்தக் கர்ப்பம் வந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்கு இருபத்தாறு வயது. கல்யாணம்கூட ஆகவில்லை. நான் என்ன பதில் சொல்ல முடியும்? அம்மாவிடம் கேட்க முடியுமா? அப்பாவிடம்?

அதனால்தான் பேஸ்புக்கில் இருக்கிற அந்தப் பெண்கள் குழுவில் கேட்டேன். நாற்பதாயிரம் பேர் இருக்கிற குழு. மாமியார் சண்டை, கர்ப்பப்பைக் கட்டி, புருஷன் குடிக்கிறது, எதைத்தான் கேட்கவில்லை அதில்? எல்லாம் பெயர் போடாமல்தான். நானும் பெயர் போடவில்லை. 'என் அக்கா வீட்டுக்காரருக்கு இப்படி. இந்த மாதிரிப் பிறக்கிற குழந்தையை அப்பா ஏற்றுக்கொள்வாரா?' என்று மட்டும் கேட்டேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல என்னிடம் கொடுத்திருந்தாயே, அதையும் படம் எடுத்துப் போட்டேன். பெயர், ஆஸ்பத்திரி, தேதி எல்லாவற்றையும் கறுப்படித்துவிட்டுத்தான் போட்டேன்.

முந்நூறு பதில் வந்தது, அக்கா. அதில் ஒரு அம்மா, அவரும் இப்படிப் பெற்றவராம், 'வார்டை விட்டு வரும்போது என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன், இன்றைக்கு அவளுக்கு ஒன்பது வயது, இன்னும் இறக்கிவிடவில்லை' என்று எழுதியிருந்தார். மனநலக் கவுன்சிலர் ஒருவர் சொன்னதாக உனக்குப் போனில் சொன்னது அதைத்தான். அன்றைக்கு நீ எத்தனை நாள் கழித்துச் சிரித்தாய்!

அது நீங்கள்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. குழுவில் போட்டதை எடுத்துவிட்டேன். நேரில் வந்து உன் காலில் விழுகிறேன். எப்போது வரட்டும்?

உன்
கீது

*

சோமனூர்,
19 மார்ச் 2024

கீதாஞ்சலிக்கு,

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். ஐந்து வருடமாக எக்ஸ்போர்ட் ஆபீசில் மெர்ச்சண்டைசராக இருக்கிறவள் இதை என்னிடம் கேட்கக் கூடாது.

ரிப்போர்ட்டை எதன் மேல் வைத்துப் படம் எடுத்தாய்?

உன் மேசையில், எங்கள் வீரபாண்டி யூனிட்டில் தைத்து உனக்கு அனுப்பின சாம்பிள் கிடந்திருக்கிறது. மஞ்சள் துணியில் குடை பிடித்த நரிக்குட்டி. கைக்குழந்தை உடுப்பு. அந்த ஆர்டர் இன்னும் கப்பல் ஏறவில்லை, எந்த ஊர்க் கடையிலும் தொங்கவில்லை. அந்த நரிக்குட்டியை உலகத்திலேயே பார்த்திருப்பவர்கள் பிரிண்ட் போட்ட இடத்தில் ஐந்தாறு பேர், உன் ஆபீசில் இரண்டு மூன்று பேர், மிச்சமெல்லாம் எங்கள் யூனிட் ஆட்கள்தான். நீ பெயரைக் கறுப்படித்தாய். கறுப்பைச் சுற்றி நாலு பக்கமும் நரிக்குட்டி நின்றது. ஆயிரம் பீசில் ஒரு தையல் விட்டிருந்தால் எடுத்துக் காட்டுகிற செக்கிங் பெண்கள் அந்தக் குழுவில் பதினைந்து பேராவது இருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் நான்கு நாள் தெரியவில்லை.

உன் மாமாவுக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பவர் டேபிள் தையல் காண்ட்ராக்டர் நல்லான் ஒரு லாட்டைக் கோணலாகத் தைத்து வைத்திருந்தான். இவர் சத்தம் போட்டார். எப்போதும் போடுகிற சத்தம்தான். நல்லான் மெஷினை நிறுத்திவிட்டு, "எங்களுக்கு இப்புடித்தான் வருமுங்க மொதலாளி. வேணும்னா வெளிய குடுத்து வாங்கிக்குங்க. உங்களுக்குத்தான் அது பழக்கமாச்சுங்களே" என்றான். அறுபது பேர் இருக்கிற ஹாலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில்தான் இவருக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து என்னிடம் கத்துவார் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுதான மோனி சொன்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர் என்னிடம் வாங்கிக்கொண்டது அந்த ஒரு சத்தியத்தைத்தான். நான் அதை உன்னிடம் உடைத்தேன். நான் ஒருத்தியிடம் சொன்னேன், நீ நாற்பதாயிரம் பேரிடம் சொன்னாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் முழுதாக வராததற்கு அது ஒன்றுதான் காரணம். இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இவ்வளவு மரியாதையாக இருக்காது.

அந்தக் கவுன்சிலர் சொன்ன வார்த்தையை நான் தினமும் காலையில் நினைத்துக்கொண்டுதான் எழுந்தேன். அதையும் சந்தையில் பொறுக்கி வந்துதான் கொடுத்திருக்கிறாய்.

யூனிட்டை மூடிவிட்டார். வீரபாண்டி வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டோம். நாள் முழுக்கத் தறிச் சத்தம். அதுவும் நல்லதுதான், பக்கத்து வீட்டில் பேசுவது கேட்பதில்லை.

நீ வர வேண்டாம். எங்கெங்கே அது இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் அதை எடு. அதைச் செய்துவிட்டு எழுது.

மோனிஷா

*

வேலம்பாளையம்,
12 ஏப்ரல் 2024

அக்கா,

நரிக்குட்டி என்று படித்ததும் போய் அந்தச் சாம்பிளை எடுத்துப் பார்த்தேன். அந்தத் துணியை நான்தான் 'ரொம்ப அழகா இருக்குங்க, இதையே போடலாம்' என்று எங்கள் மேனேஜரிடம் பேசி ஓகே வாங்கினேன். நம் பாப்பாவுக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். என் கண்ணுக்கு அது வெறும் மேசைத்துணி மாதிரி ஆகிவிட்டிருக்கிறது. நான் ஒரு முட்டாள், அக்கா. திட்டு. மரியாதையெல்லாம் வேண்டாம், நன்றாகத் திட்டு.

நீ சொன்னபடி எடுக்கப் பார்த்தேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். குழுவில் நான் போட்டதை எடுத்தாகிவிட்டது. ஆனால் அதற்கு முன்னாலேயே யார் யாரோ அதைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு ஒவ்வொருவராக அழிக்கச் சொன்னேன். சிலர் "ஐயோ பாவம்ங்க, அழிச்சர்றேனுங்க" என்றார்கள். ஒருத்தி, "இன்னும் யாருக்கெல்லாம் போயிருக்குன்னு கேட்டுச் சொல்லட்டுங்களா?" என்று எனக்கே உதவி செய்ய வந்தாள். ஒரு யூடியூப் சேனலில் ஒரு ஆள் சோகமான மியூசிக் போட்டு, 'திருப்பூர் முதலாளி மனைவி எடுத்த முடிவு' என்று தலைப்பு வைத்து, நான் எழுதினதை வரி விடாமல் படித்திருக்கிறான். எடுக்கச் சொல்லி ஒன்பது தடவை எழுதினேன். பதில் இல்லை. போலீஸ் சைபர் பிரிவுக்கும் போனேன். அங்கே இருந்த மேடம் நல்லவர், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல போட்டது யாரும்மா?" என்றார். நான்தான் என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புகாரை வாங்கிக்கொண்டார்தான், இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை நீ இன்னும் கேள்விப்படவில்லை என்று நினைக்கிறேன். என் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். அந்தப் பதில்களுக்கு நடுவில் யாரோ ஒருத்தி, 'இப்போ உங்க அக்காவுக்கு எத்தனாவது மாசம்?' என்று கேட்டாள். அக்கறையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, 'மூணாவது மாசம், ஒரே வாந்தி, தாய்மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகல' என்று பதில் போட்டேன். அந்தக் கல்யாணத்தில் உன்னைத் தேடாத சொந்தம் உண்டா? நரிக்குட்டி யூனிட்டுக்குக் காட்டிக்கொடுத்தது. சொந்தபந்தம் ஒறம்பரை அத்தனை பேருக்கும் காட்டிக்கொடுத்தது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததுதான். யாரோ முகம் தெரியாதவள் 'அக்காவைப் பாத்துக்கோம்மா' என்று சொன்னதும் உருகிப் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ இனி எழுதவே மாட்டாய் என்று பயமாக இருக்கிறது. எழுது, அக்கா. வாந்தி நின்றதா? மாமா சாப்பிடுகிறாரா?

கீது

*

சோமனூர்,
24 ஜூன் 2024

கீதாஞ்சலி,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதுகிற மாதிரி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு, கட்டுச்சோறு விருந்து நடந்தது. அம்மா பாத்திரம் பாத்திரமாக இறக்கி வைத்தபோதே தெரிந்தது, புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் உன் கைப்பக்குவம் என்று. கடுகு கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவாய். நீ வேனிலேயே தெருமுனையில் உட்கார்ந்திருந்ததாக அப்பா பிறகு சொன்னார். நான்தான் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எட்டிப் பார்க்கவும் இல்லை. ஏழு மாத வயிற்றோடு இருக்கிறவள் அழக் கூடாது என்று பெரியாத்தாள் அத்தை பக்கத்திலேயே நின்றார்.

நூறு பேருக்குச் சொல்லியிருந்தோம். நம் பக்கத்தில் நூறு பேருக்குச் சொன்னால் அறுபது பேர் வருவார்கள், மிச்சப் பேர் மொய் கொடுத்தனுப்புவார்கள். அன்றைக்கு ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். சொல்லாதவர்களும் வந்தார்கள். பந்தி வைத்து முடியவில்லை. வந்தவர்கள் என் கைக்கு வளையல் போட்டுவிட்டு நேராக அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். "என்னங்க மாப்ள, சௌரியங்களா?" என்று கேட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை, கீதாஞ்சலி. அத்தனை மரியாதை. எல்லோரும் அவரிடம் சாவு வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்கள்.

அவர் ஓடி ஒளியவில்லை. நாலு பந்திக்கும் நின்று தண்ணீர் ஊற்றினார். கடைசிப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, நீ செய்த சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் பல மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்து, "நீ நல்லா சாப்புடு சாமி" என்றார். 'கையில் எடுப்பாரா' என்று உன்னிடம் கேட்டேனே, எடுப்பார் என்று எனக்கு அன்றைக்கு நம்பிக்கை வந்தது. யாரிடமும் கேட்காமலே கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அது எனக்குத் தானாகவே தெரிந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு அத்தை மருமகளைக் கேட்கிற மாதிரி இல்லாமல் பெற்றவள் கேட்கிற மாதிரி கேட்டார். "இத்தன பேரு வாயில இருந்து எம்பட பையன எங்க கொண்டுபோய் ஒளிக்கறது கண்ணு?"

மாதக் கணக்கைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அன்றைக்குக் கோபத்தில் காகிதத்தைக் கசக்கிவிட்டு மறுபடி நீவி மடித்து வைத்தேன். நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. சொன்னாய். அது போதும், அதற்கு மேல் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

வாந்தி நின்றுவிட்டது.

மோனிஷா

*

வேலம்பாளையம்,
30 ஆகஸ்ட் 2024

அக்கா, அக்கா, அக்கா,

பொண்ணு! அம்மா போனில் சொன்னதும் ஆபீசில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். வர வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாய். வந்துவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்பதால் உனக்குத் தெரிந்திருக்காது. ஐந்து நிமிஷம்தான் இருந்தேன், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

வார்டு வாசலில் மாமா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நர்ஸ் தொட்டிலில் போடச் சொல்லியும் போட மாட்டேன் என்கிறாராமே! என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். "வா கீதா" என்றார். துணியை விலக்கி அவரே பாப்பா முகத்தைக் காட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பாப்பாவைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன், "அப்படியே உங்க மூக்குங்க மாமா!" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துணியை மூடி, பாப்பாவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரவில்லை. நான் அரை மணி நேரம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? எல்லோரும் எல்லாக் குழந்தைக்கும் சொல்கிறதுதானே? நல்ல வார்த்தையாகத்தானே சொன்னேன்? யோசித்து யோசித்து மண்டை வெடிக்கிறது.

போனில் இருந்த எல்லாக் குழுவையும் விட்டு வெளியே வந்துவிட்டேன். ஆபீஸ் நம்பரைத் தவிர ஒன்றும் இல்லை. என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. பாப்பாவை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் மடியில் போடு. பேர் வைத்துவிட்டீர்களா? என்ன பேர்? அதை மட்டுமாவது எழுது.

உன் பாப்பாவின் சித்தி,
கீது

*

17 அக்டோபர் 2024

கீது,

மேலே ஊர் பெயர் போடவில்லை. மறந்துவிடவில்லை. இது சோமனூர் இல்லை, வீரபாண்டி இல்லை. பனியன் தைக்கிற ஊரே இல்லை. பஸ்ஸில் வெகுதூரம் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்து வழியில் எங்காவது பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். அதனால் முத்திரையில் இருக்கிற ஊருக்கு வந்து தேடாதே.

நீ என்ன தப்பாகச் சொன்னாய் என்று கேட்டிருந்தாய். தப்பே இல்லை. ஆனால் நீ பாப்பாவைப் பார்த்தாய், பிறகு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாய். உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். தொட்டிலைப் பார்ப்பார்கள், உடனே அவரைப் பார்ப்பார்கள். ஒரு நொடிதான். அம்மா பார்த்தார், அப்பா பார்த்தார், பெரியாத்தாள் அத்தைகூட ஒரு தடவை பார்த்துவிட்டுத் தன்னைத்தானே தலையில் அடித்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் உன் மாமா குழந்தையைத் துணியால் மூடினார். ஒரு மாதம் பார்த்தேன். இந்தப் பிள்ளையை அந்த ஊரில் முகத்தை மூடியே வளர்க்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எவனாவது ஒருவன் அவளிடம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவான். அதற்கு முன்னால் கிளம்பிவிட்டோம். அவளிடம் சொல்ல வேண்டியதை அவளுக்கு வயது வந்ததும் அவரும் நானும் உட்கார்ந்து சொல்வோம். அது எங்கள் இரண்டு பேர் வாயால்தான் அவள் காதுக்குப் போக வேண்டும்.

இங்கே எங்களை யாருக்கும் தெரியாது. வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். பாப்பா உன் மாமா தோளில் இருந்தாள். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பன் மூக்கு அப்படியே இருக்கே!" என்றார். நீ சொன்ன அதே வார்த்தை. அவர் துணியை மூடவில்லை, கீது. "நெசமாவாங்க?" என்று கேட்டு, குழந்தையை வெளிச்சத்தில் நீட்டி மறுபடியும் காட்டினார். அந்த அம்மா போன பிறகு சமையல்கட்டில் வந்து நின்றுகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

நீ சொன்னபோது அது ஆறுதல். அந்த அம்மா சொன்னது கண்ணால் பார்த்தது. நீ இனி எத்தனை வருஷம் கழித்து, எவ்வளவு பாசமாகச் சொன்னாலும் அவர் காதில் அது ஆறுதலாகத்தான் விழும். நம் சொந்தத்தில் யார் சொன்னாலும் அப்படித்தான். தெரிந்தவர்கள் யாரும் அவர் பக்கத்தில் இருக்க முடியாது. தெரிந்தவர்களில் முதல் ஆள் நீ.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை, போய்விட்டது. கோபம் இருந்தால்கூட ஒரு நாள் தீர்ந்து உன்னைக் கூப்பிட்டிருப்பேன். இது அப்படி இல்லை. அதனால்தான் எழுதக் கை வரவில்லை. நாலு நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உனக்குக் கல்யாணம் ஆகும், நான் வர மாட்டேன். உனக்குக் குழந்தை பிறக்கும், எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவிடமும் அப்பாவிடமும் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிடு. நன்றாகத்தான் இருக்கிறோம்.

பாப்பாவின் பெயரைக் கேட்டிருந்தாய். இரண்டு தடவை எழுதிவிட்டு அடித்தேன். பெயர் தெரிந்தால் இன்னும் பத்து வருஷத்தில், பதினைந்து வருஷத்தில், ஒரு நாள் நீ போனை எடுத்து அந்தப் பெயரை அடித்துத் தேடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். பாசத்தில்தான் தேடுவாய். அன்றைக்கும் நீ பாசத்தில்தான் போட்டாய்.

அக்கா